ஆய்வேட்டுக்கும் ஒரு பீரியட் போடுங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சுயநிதிக் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் வணிகவியல் உதவிப் பேராசிரியர். 18 மணி நேர வகுப்பு. பகுதிநேர பிஎச்டி, மூன்றாம் ஆண்டு. ஒன்றாம் வகுப்பு படிக்கும் மகன். விடியற்காலை 4 மணிக்கு எழுந்து பார்த்தாயிற்று, டைரி போட்டாயிற்று, போனில் ஆப் இறக்கிப் பார்த்தாயிற்று. இரண்டாம் இயல் எட்டு மாதமாக அதே பக்கத்தில் நிற்கிறது. "மேடம், நேரத்தை எப்படித்தான் சமாளிப்பது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த 4 மணி எழுச்சியை நிறுத்துங்கள். இரவு 11 மணிக்குப் படுப்பவர் 4 மணிக்கு எழுந்தால், அன்று மதியம் மூன்றாவது பீரியடில் நின்றுகொண்டே கண் சொருகும். இரண்டு வாரம் இழுத்துப் பிடிப்பீர்கள், அப்புறம் காய்ச்சல் வரும், அதோடு ஆய்வும் நிற்கும். நானும் அதைச் செய்து பார்த்தவள்தான். உதவி பெறும் கல்லூரி ஒன்றில் 27 ஆண்டுகள் வரலாறு நடத்தினேன். என் பிஎச்டியும் பகுதிநேரம்தான், முடிக்க ஏழு ஆண்டுகள் ஆயின. அதில் முதல் மூன்று ஆண்டுகளை வீணாக்கினேன் என்றே சொல்வேன். அந்த மூன்று ஆண்டுகளில் நான் சோம்பேறியாக இருக்கவில்லை. காலை முதல் இரவு வரை வேலை செய்தேன். ஆனால் ஆய்வு என்பது யாரும் கேட்காத வேலை. வகுப்புக்கு மணி அடிக்கும். மார்க் பட்டியலுக்குக் கடைசித் தேதி உண்டு. துறைத் தலைவர் கேட்கும் விவரத்துக்கு வாட்ஸ்அப்பில் நான்கு நினைவூட்டல் வரும். இரண்டாம் இயலைப் பற்றிக் கேட்க ஒருவரும் இல்லை. கைடு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேட்பார். கேட்கிறவருக்கு முதலில் கொடுத்துக் கொடுத்தே நம் நாள் தீர்ந்துபோகிறது.

அதனால்தான் ஆய்வேட்டுக்கும் ஒரு பீரியட் போடுங்கள் என்கிறேன். உங்கள் கால அட்டவணைக்குள், மற்ற வகுப்புகளைப் போலவே. எப்படி என்று விளக்குகிறேன்.

நேர நிர்வாகம் பற்றி வெளிவரும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை, "செவ்வாய் காலை 10 முதல் 12 வரை எழுதுவதற்கு ஒதுக்குங்கள்" என்ற மாதிரி இருக்கும். நம் கல்லூரிகளில் அது மூன்றாவது வாரமே உடைந்துவிடும். காரணம் டே ஆர்டர். நம்மிடம் கிழமைக்கு அட்டவணை கிடையாது, முதல் நாள் முதல் ஆறாம் நாள் வரை சுற்றிச் சுற்றி வரும். நடுவில் ஒரு விடுமுறை வந்தால் டே ஆர்டர் தள்ளிப்போகும். இந்தச் செவ்வாய் உங்களுக்கு இரண்டு வகுப்பு, அடுத்த செவ்வாய் நான்கு வகுப்பு. கிழமையை வைத்துப் போட்ட திட்டம் உடையும்போது நமக்குத்தான் ஒழுங்கில்லை என்று நினைத்து மனம் விட்டுப்போகிறது. குறை உங்களிடம் இல்லை, அந்தத் திட்டத்தின் அளவுகோல் நம் ஊருக்குப் பொருந்தாதது.

டே ஆர்டரை வைத்தே திட்டம் போடுங்கள். நாளுக்கு ஐந்து பீரியட், ஆறு நாள், மொத்தம் 30. உங்களுக்கு 18 வகுப்பு. ஆக ஒரு சுற்றில் 12 பீரியட் காலி. இந்தப் பன்னிரண்டும் எங்கே போகின்றன என்று முதலில் தெரிய வேண்டும். இரண்டு சுற்றுக்கு ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு காலிப் பீரியட் முடிந்ததும் ஒரே ஒரு வரி எழுதுங்கள். மாலையில் மொத்தமாக எழுதினால் சரிவராது, அதற்குள் நினைவு நமக்குச் சாதகமாகத் திருத்திவிடும். நான் எழுதியபோது எனக்கு 13 காலிப் பீரியட் இருந்தது. மூன்று சப்ஸ்டிட்யூஷனில், அதாவது வராத ஆசிரியருக்குப் பதிலாக வகுப்புக்குப் போவதில், போயிருந்தது. இரண்டு, என் பொறுப்பில் விட்டிருந்த வார்டு மாணவர்களின் விஷயம். நான்கு, "உடனே வேண்டும்" என்று கேட்ட பட்டியல்கள். மீதி நான்குக்கு என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. டீ, பேச்சு, போன், அடுத்த வகுப்புக்கு இன்னும் இருபது நிமிடம்தானே என்ற எண்ணம், எல்லாம் கலந்து கரைந்திருந்தது. அந்த நான்கைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. அதுவரை நேரமே இல்லை என்று உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தேன்.

பேச்சையும் டீயையும் விட்டுவிடச் சொல்லவில்லை. துறையில் நான்கு பேரோடு சிரித்துப் பேசாமல் இந்த வேலையில் நீடிக்க முடியாது. பன்னிரண்டில் மூன்றே மூன்று பீரியட் எடுங்கள். எந்த டே ஆர்டர், எந்த பீரியட் என்று முடிவுசெய்து, மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருக்கும் அட்டவணையில் பாடக் குறியீடு எழுதும் அதே இடத்தில் "இயல் 2" என்று பேனாவால் எழுதுங்கள். முடிந்தவரை முதல் இரண்டு பீரியடுகளில் வருகிற மாதிரி தேர்ந்தெடுங்கள். மூன்று மணி நேரம் தொடர்ந்து நின்று கத்திய பிறகு வரும் காலிப் பீரியட் எழுத்துக்கு ஆகாது, அதை விடைத்தாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மணி அடித்ததும் உங்கள் இருக்கையில் உட்காராதீர்கள். நூலகத்துக்குப் போங்கள், இல்லையென்றால் காலியாக இருக்கும் ஒரு வகுப்பறைக்கு. ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் சும்மா இருப்பவர் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள், அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. போனைக் கைப்பைக்குள் போடுங்கள். ஒரு மணி நேரப் பீரியடில் நடக்கவும் உட்காரவும் போனால் உங்களுக்கு 40 நிமிடம் கிடைக்கும். அது போதும்.

40 நிமிடத்தில் என்ன எழுத முடியும் என்று தோன்றும். இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். ஆய்வு எழுத முழு நாள் வேண்டும், மனம் ஒன்ற வேண்டும், மேசையில் எல்லாப் புத்தகமும் விரித்திருக்க வேண்டும் என்று காத்திருக்கிறோம். ராபர்ட் பாய்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இளம் கல்லூரி ஆசிரியர்களின் எழுத்துப் பழக்கத்தைப் பல ஆண்டுகள் கவனித்தவர். பெரிய ஓய்வு கிடைக்கும்போது மொத்தமாக எழுதலாம் என்று இருந்தவர்களைவிட, நாள்தோறும் கொஞ்ச நேரம் எழுதி, எழுதியதை ஒருவரிடம் கணக்குக் காட்டியவர்கள் மிக அதிகமாக எழுதினார்கள் என்பது அவர் கண்டது. இதில் அந்தக் கணக்குக் காட்டுதல் முக்கியம். யாரும் கேட்காத வேலைக்குக் கேட்கிற ஒருவரை நாமே ஏற்படுத்திக்கொள்கிறோம். நான் என்னைப் போலவே பகுதிநேரமாகச் செய்துகொண்டிருந்த தாவரவியல் ஆசிரியை ஒருவரோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டேன். ஒவ்வொரு சுற்று முடிவிலும் எத்தனை பீரியட் எழுதினோம் என்று ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அவர் என் ஆய்வைப் படித்ததே இல்லை. ஆனால் அவரிடம் "பூஜ்யம்" என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒவ்வொரு முறை எழுந்திருக்கும் முன்பும், அடுத்த முறை எந்த வாக்கியத்திலிருந்து தொடங்க வேண்டும் என்று ஒரு வரி குறித்துவிட்டு எழுந்திருங்கள். "அடுத்து: அட்டவணை 2.3இல் 2016க்குப் பிறகு ஏன் குறைகிறது?" என்ற மாதிரி. இது இல்லாவிட்டால் 40 நிமிடத்தில் 25 நிமிடம், எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே போய்விடும். ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது முந்தைய வேலையின் எச்சம் மனதில் ஒட்டிக்கொண்டே வருகிறது என்று 2009இல் சோஃபி லெராய் தன் ஆய்வில் காட்டினார். காலைப் பீரியடில் காப்பியடித்த பையனைப் பிடித்துவிட்டு நேராக வந்து எழுத உட்கார்ந்து பாருங்கள், அவர் சொன்னது புரியும். அந்தக் குறிப்பு வரி, மனதைத் திரும்ப இழுத்துக்கொண்டு வரும் கயிறு.

நம் பக்கத்திலேயே ஒரு ஆசிரியரின் வாழ்க்கை இதற்குச் சாட்சியாக இருக்கிறது. உ.வே. சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராகச் சேர்ந்தார். சீவக சிந்தாமணிப் பதிப்பு 1887இல் வந்தது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. 1903இல்தான் சென்னை மாநிலக் கல்லூரிக்கு மாறினார். இவை அத்தனையும் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் செய்த வேலை. சிந்தாமணியில் புரியாத இடங்களில் ஊரிலிருந்த சமணர்களின் வீடுகளுக்கே போய்க் கேட்டுத் தெளிந்தார். அவரோடு நம்மை ஒப்பிடச் சொல்லவில்லை. சிந்தாமணிப் பதிப்புக்கு ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஆயின என்பதை மட்டும் பாருங்கள். வேலையோடு சேர்த்துச் செய்யும் ஆய்வு மெதுவாகத்தான் வளரும், அதற்காக அது தரம் குறைந்தது ஆகிவிடாது.

"மே மாத விடுமுறையில் முடித்துவிடுவேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை நம்பாதீர்கள். 1994இல் கனடாவில் ஒரு ஆய்வு நடந்தது. பட்டப்படிப்பின் இறுதியாண்டு ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். எல்லாமே கெட்டுப்போனால் எத்தனை நாள் ஆகும் என்றும் கேட்டார்கள், அதற்கு 49 நாள் அளவில் சொன்னார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். மிக மோசமான நிலையைக் கற்பனை செய்து சொன்ன கணக்கைக்கூட நடப்பு தாண்டிவிட்டது. நம் மே மாதத்தில் விடைத்தாள் திருத்தும் முகாம், சேர்க்கைப் பணி, ஊரில் இரண்டு கல்யாணம், பள்ளி விடுமுறையில் இருக்கும் பிள்ளை, எல்லாம் இருக்கிறது. என் இரண்டு மே மாதங்கள் அப்படித்தான் போயின. இரண்டாவது முறை ஜூன் தொடங்கியபோது எனக்கு என் மேலேயே நம்பிக்கை போய்விட்டது, அதுதான் பெரிய நஷ்டம். விடுமுறையை வாசிப்புக்கும் தரவு சேகரிப்புக்கும் வையுங்கள். எழுத்து செமஸ்டருக்குள் நடக்கட்டும்.

விடைத்தாளுக்கு வருகிறேன், இதில் உண்மையாகவே நேரம் மிச்சமாகும். இரண்டு பிரிவு, பிரிவுக்கு 60 பேர் என்றால் ஒரு இன்டர்னல் தேர்வுக்கு 120 தாள். தாளுக்கு 8 நிமிடம் என்றால் 16 மணி நேரம். அதை 5 நிமிடமாக்கினால் 10 மணி நேரம். செமஸ்டருக்கு மூன்று தேர்வு என்றால் 18 மணி நேரம் கையில் வந்துவிடும். மூன்று நிமிடத்தை எங்கே குறைப்பது? ஒரு மாணவரின் தாளை முதலிலிருந்து கடைசிவரை திருத்தாதீர்கள். 120 பேரின் பதினோராம் கேள்வியை முதலில் திருத்துங்கள், பிறகு 120 பேரின் பன்னிரண்டாம் கேள்வி. எந்தெந்தக் குறிப்புக்கு எத்தனை மதிப்பெண் என்று தொடங்கும் முன்பே ஒரு தாளில் எழுதி எதிரே வைத்துக்கொள்ளுங்கள். பத்துத் தாள் போனதும் கை தானாக ஓடும், மதிப்பெண்ணும் ஒருவருக்கொருவர் ஏறாமல் இறங்காமல் நேராக இருக்கும். மாணவர்களுக்கு இது நியாயமும்கூட. அப்புறம், ஒரே தவறை நாற்பது தாளில் நாற்பது முறை எழுதுவதை விடுங்கள். தவறுகளுக்கு எண் கொடுங்கள். தாளின் ஓரத்தில் "3" என்று போட்டால் போதும். தாள் கொடுக்கும் நாளில் கரும்பலகையில் 1 முதல் 6 வரை என்னென்ன என்று எழுதி விளக்குங்கள். நாம் தாளில் எழுதுவதைவிடக் கரும்பலகையில் சொல்வது மனதில் நிற்கிறது.

வகுப்புத் தயாரிப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் கடிதத்தில் தெரிகிறது. நான்கு ஆண்டாக நடத்தும் பாடத்துக்கு இன்னும் இரவு இரண்டு மணி நேரம் ஸ்லைடு செய்கிறீர்கள். உங்கள் அக்கறை எனக்குப் புரிகிறது, அதை மதிக்கிறேன். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறோமோ அவ்வளவையும் அது நிரப்பிக்கொள்ளும் என்று 1955இல் எழுதியவர் பார்கின்சன். அப்போது அவர் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். அவர் எழுதியது அரசு அலுவலகங்களைப் பற்றி, ஆனால் வகுப்புத் தயாரிப்புக்கு அது அப்படியே பொருந்தும். முந்தின இரவுத் தயாரிப்பை 30 நிமிடத்தோடு நிறுத்துங்கள். அதற்குப் பதிலாக வகுப்பு முடிந்த உடனே 5 நிமிடம் செலவழியுங்கள். எந்த உதாரணம் பிடித்துக்கொண்டது, எந்த இடத்தில் முகங்கள் மங்கின, எந்தக் கேள்விக்கு உங்களுக்கே பதில் தடுமாறியது என்று குறிப்பின் ஓரத்தில் எழுதுங்கள். அந்த ஐந்து நிமிடக் குறிப்பு அடுத்த ஆண்டு உங்களுக்கு ஒரு மணி நேரம் தரும். என் கடைசிப் பத்து ஆண்டு வகுப்புகள் நன்றாக அமைந்ததற்கு அந்த ஓரக் குறிப்புகள்தான் காரணம்.

கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) அமைப்புக்கான ஆவண வேலைக்கு ஒரே ஒரு யோசனை. எந்த நிகழ்ச்சி நடந்தாலும் அன்று மாலைக்குள் அறிவிப்பு, வருகைப் பட்டியல், இடமும் நேரமும் பதிந்த புகைப்படம், ஒரு பத்தி அறிக்கை, நான்கையும் ஒரே கோப்புறையில் போட்டுவிடுங்கள். ஒவ்வொரு அளவீட்டுக்கும் ஒரு கோப்புறை. அன்றைக்கு 10 நிமிடம் ஆகும். எட்டு மாதம் கழித்துத் தேடினால் ஒரு நாள் போகும், கடைசியில் அந்த வருகைப் பட்டியலும் கிடைக்காது.

இனி, உங்களுக்கு மிகவும் கடினமாக இருக்கப்போகிற விஷயம். துறைத் தலைவரிடம் பேச வேண்டும். முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லும் பழக்கம் நம் கல்லூரிகளில் இல்லை, சுயநிதிக் கல்லூரியில் அது ஆபத்தும்கூட. ஆனால் கையில் ஒரு நல்ல ஆதாரம் இருக்கிறது. பணியில் இருப்பவர் பகுதிநேர பிஎச்டி சேர வேண்டுமானால் நிறுவனம் தடையில்லாச் சான்று கொடுக்க வேண்டும் என்கின்றன பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகள். ஆய்வுக்குப் போதிய நேரம் செலவிட இவருடைய அலுவல் இடம் தருகிறது என்று அந்தச் சான்றில் இருக்க வேண்டும். உங்கள் முதல்வர் அதில் கையெழுத்துப் போட்டிருப்பார். உங்கள் நகலை எடுத்துப் படித்துப் பாருங்கள். அதைத் தூக்கிக் காட்டிச் சண்டை போடச் சொல்லவில்லை. செமஸ்டர் தொடங்கும் முன், அட்டவணை போடும் வாரத்தில் போய், "சார், இந்த மூன்று பீரியடில் மட்டும் எனக்கு சப்ஸ்டிட்யூஷன் போடாமல் பார்த்துக்கொண்டால் இந்த ஆண்டுக்குள் ஒரு இயல் கொடுத்துவிடுவேன். மற்ற பீரியடில் எப்போது கூப்பிட்டாலும் போகிறேன்" என்று கேளுங்கள். துறைக்கு ஒரு முனைவர் கூடினால் அவருக்கும் நல்லதுதான். நடுவில் புது வேலை வந்தால், "சரிங்க சார், செய்துவிடுகிறேன். மார்க் என்ட்ரியையும் இன்றே கேட்டிருக்கிறீர்கள், எதை முதலில் முடிக்கட்டும்?" என்று கேளுங்கள். பல நேரம் அவருக்கே இரண்டையும் தானே கொடுத்தது நினைவிருக்காது. எல்லாத் தலைவர்களும் இறங்கி வருவார்கள் என்று உறுதி சொல்ல மாட்டேன். மூன்று கேட்டால் இரண்டு கிடைக்கும், அந்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள். மானியக் குழுவின் 2018 விதிகளின்படி உதவிப் பேராசிரியரின் நேரடிக் கற்பித்தல் வாரத்துக்கு 16 மணி நேரம், மொத்தப் பணி 40 மணி நேரத்துக்குக் குறையாமல். அதாவது வகுப்புக்கு வெளியே இருக்கும் நேரமும் பணி நேரம்தான் என்று விதியே சொல்கிறது. உங்களுக்கு 18 போட்டிருக்கிறார்கள். உங்கள் களைப்பின் ஒரு பகுதி அந்தக் கூடுதல் சுமையிலிருந்து வருவது. அதை எந்த டைரியும் தீர்க்காது. உங்கள் திறமைக் குறைவு என்று அதை எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கால அவகாசம் பற்றிப் பயந்திருக்கிறீர்கள். 2022 விதிகளில் பிஎச்டிக்கு அதிகபட்சம் ஆறு ஆண்டுகள், மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு. பெண்களுக்கு அதற்கு மேலும் இரண்டு ஆண்டு தளர்வு கொடுக்க இடமுண்டு. மொத்தக் காலத்தில் 240 நாள் வரை மகப்பேறு அல்லது குழந்தைப் பராமரிப்பு விடுப்புக்கும் வழி இருக்கிறது. உங்கள் பல்கலைக்கழகம் இதை எப்படிச் செயல்படுத்துகிறது என்று ஆய்வுப் பிரிவில் எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.

வீட்டைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருக்கிறீர்கள், "அவர் உதவுவார், ஆனால் சொன்னால்தான் செய்வார்" என்று. அந்த ஒரு வரி எனக்குப் போதும். சொன்னால் செய்யும் உதவியில், சொல்லும் வேலையும் நினைவு வைக்கும் வேலையும் உங்கள் தலையில்தான் இருக்கின்றன. ஒரு வேலையை முழுதாகக் கைமாற்றுங்கள். பையனின் வீட்டுப்பாடம், ஸ்கூல் வாட்ஸ்அப் குழு, நாளை என்ன கலர் சட்டை என்பது எல்லாம் சேர்த்து அவருடையது. ஒருநாள் பையன் தவறான சட்டையில் போவான். போகட்டும், நீங்கள் குறுக்கே போகாதீர்கள். என் கணவரிடம் நான் இதைப் பேச ஐந்து ஆண்டுகள் தயங்கினேன். பேசிய பிறகு அவர், "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றார். உங்கள் வீட்டில் அப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியாது, ஆனால் பேசாமல் இருந்தால் நிச்சயம் நடக்காது.

திங்கள் காலை என்ன டே ஆர்டர் என்று பாருங்கள். அந்தச் சுற்றில் மூன்று கட்டங்களைப் பேனாவால் நிரப்புங்கள். முதல் பீரியடில் இயலைத் திறக்கவே வேண்டாம். நூலகத்தில் உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளில், இரண்டாம் இயல் எதைச் சொல்ல வேண்டும் என்று உங்கள் கடைசி வரிசை மாணவிக்கு விளக்குவது போல அரைப் பக்கம் கையால் எழுதுங்கள். பேச்சு வழக்கிலேயே இருக்கலாம். எட்டு மாதமாக நிற்கும் இயல் பெரும்பாலும் நேரமில்லாமல் மட்டும் நிற்பதில்லை, அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று தெளிவில்லாமலும் நிற்கும். அந்த அரைப் பக்கம் வந்துவிட்டால் இரண்டாவது பீரியடுக்கு என்ன வேலை என்று அதுவே சொல்லும். மூன்று பீரியடும் முடிந்ததும், எத்தனை எழுதினீர்கள் என்று எண்ணை மட்டும் எனக்கு அனுப்புங்கள். வேறு ஆள் கிடைக்கும் வரை நான் கேட்கிறேன்.